பீரோவில் இருக்கும் இரண்டு அட்டை மாத்திரை

காரைக்குடிப் பக்கத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பத்தா மார்பகப் புற்றுநோயில் 46 வயதில் இறந்துபோனவர். அப்பச்சியின், அதாவது அப்பாவின், தங்கையான அயித்தைக்கு 49 வயதில் அதே நோய் வந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். போன வருஷம் அயித்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்ததில் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. சென்னையில் வேலை பார்க்கும் இவர் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ரத்தம் கொடுத்தார். இவருக்கும் பாசிட்டிவ். லண்டனில் இருக்கும் பெரியப்பா மகள், "அங்கே இதுக்கு மாத்திரையே கொடுக்கிறாங்க, அஞ்சு வருஷம் சாப்பிட்டாப் போதும்" என்று டமோக்சிஃபென் பேரைச் சொல்ல, இவர் தெரிந்த மருந்துக்கடையில் இரண்டு அட்டை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார். இன்னும் பிரிக்கவில்லை.

ஆத்தாவிடம் (அம்மாவிடம்) சொன்னபோது அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதிருக்கிறார். அப்புறம் ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டார்: "அயித்தை மகனுக்கே உன்னைக் கொடுத்துட்டா விஷயம் வீட்டோட போயிரும். கோயிலும் வேற, முறையும் இருக்கு." (நம் பக்கம் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், பெண் கொடுத்து வாங்குவதில்லை.)

கடிதத்தின் கடைசியில் மூன்று கேள்விகள். "இன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்து 31 வயதில் முடித்துவிட்டால் ஆயுசுக்கும் பாதுகாப்புதானே? ஆத்தா வழியில் யாருக்குமே இல்லாத நோய் எனக்கு எப்படி வந்தது, பரிசோதனையில் தப்பு இருக்குமா? அயித்தை மகனைக் கட்டிக்கொள்ளலாமா?"

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையைப் பிரிக்காமல் இருந்தீர்களே, அது நல்ல காரியம். இன்னும் சில வருஷம் அது பிரிக்காமலே இருக்கலாம் என்பதுதான் என் கருத்து. மூன்று கேள்விகளில் மிக அவசரமானது மாத்திரை இல்லை, மூன்றாவது கேள்விதான். ஒவ்வொன்றாக வருகிறேன்.

அப்பச்சி வழியிலும் வரும்

பரிசோதனையில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய உங்கள் அறிக்கைப் பக்கத்தில் இருக்கும் மாற்றமும் அயித்தையின் அறிக்கையில் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் மாற்றமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. 'நோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையிலேயே அதைச் சேர்த்திருக்கிறார்கள். சில பேருக்கு 'பொருள் இன்னும் உறுதியாகவில்லை' என்று வரும். அது வேறு கதை, அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. உங்களுடையது அப்படி இல்லை.

மார்பகம் பெண்ணுக்குரியது, அதனால் இந்த நோய் தாய் வழியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் நிறைய. பி.ஆர்.சி.ஏ.2 இருப்பது 13-ஆவது குரோமோசோமில். அது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஒருவரிடம் மாற்றம் இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, அது போய்ச்சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் அப்பத்தாவிடமிருந்து அப்பச்சிக்கு வந்து, அவரிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கிறது.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. ஏழு பக்கக் கடிதத்தில் அப்பத்தா, அயித்தை, ஆத்தா எல்லாரும் வருகிறார்கள். அப்பச்சியின் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அயித்தைக்கும் உங்களுக்கும் ஒரே மாற்றம் இருக்கிறதென்றால் நடுவில் நிற்கும் அப்பச்சியிடமும் அது இருந்தே ஆக வேண்டும். பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ள ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், வந்தால் வேகமாகப் பரவும் தன்மையும் அதிகம். 100 பேரில் 7 பேர் அளவுக்கு மார்பகப் புற்றுநோயும் வரலாம். அவருக்கு 57 வயது என்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை, புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அவருக்கு வேண்டும். இது 40 வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டியது.

பாசிட்டிவ் என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2017-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ள பெண்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தது. 30 வயதுக்குள் 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. 40-க்குள் 13, 50-க்குள் 35, 80-க்குள் 69. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டுப் பெண்கள். ஆனாலும் எந்த வயதில் ஆபத்து ஏறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது போதும். 40-க்கு மேல் ஏறுவதைப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் 46, 49 என்றுதான் வந்திருக்கிறது. மாத்திரையை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கும் இந்த எண்களில்தான் பதில் இருக்கிறது.

மாத்திரை என்ன செய்யும்

டமோக்சிஃபென் கீமோ மருந்து இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மார்பகத் திசுவில் போய் ஒட்டுகிற இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆகவே ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் கட்டிகளைத்தான் இது தடுக்கும். பி.ஆர்.சி.ஏ.2 பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை அந்த வகை, அதனால் உங்களுக்கு இது பொருந்தும். பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களுக்கு வருவது பெரும்பாலும் ஹார்மோனைச் சாராத கட்டி. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பி.ஆர்.சி.ஏ.1 என்றால், உங்களுக்கான பதிலைத் தனக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆதாரம் எவ்வளவு இருக்கிறது? அமெரிக்காவில் ஆபத்து அதிகமுள்ள 13,388 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் பரவும் வகைப் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதில் புற்றுநோய் வந்த 288 பேரின் மரபணுவை அப்புறம் தனியாகப் பார்த்தார்கள். இந்த மாற்றம் இருந்தவர்கள் வெறும் 19 பேர். பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்கள் 11 பேர், அவர்களிடம் மாத்திரையால் நன்மை தெரிந்தது. பி.ஆர்.சி.ஏ.1 உள்ள 8 பேரிடம் தெரியவில்லை. 19 பேர் என்பது நம் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) பந்தி போட்டால் ஒரு வரிசைக்குக்கூடப் போதாத கூட்டம். மருந்து வேலை செய்யும் விதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நன்மை தரும் என்று நானும் நம்புகிறேன். "நிச்சயம்" என்று சொல்ல மட்டும் அந்த எண்ணிக்கை போதாது. அதோடு, அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் 35 வயதோ அதற்கு மேலோ. 26 வயதுப் பெண்ணுக்கு ஐந்து வருஷம் கொடுத்து என்ன ஆகிறது என்று அதில் பார்க்கவே இல்லை.

ஆயுசுக்கும் பாதுகாப்பா என்றால், இல்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் பலன் பல வருஷம் நீடிப்பது உண்மைதான். அப்படியென்றால் அந்தப் பலன் எந்த வயதுக்குக் கிடைக்க வேண்டும்? 26-லிருந்து 31 வரை விழுங்கினால், ஆபத்து குறைவான வருஷங்களிலேயே அதைப் பெரிதும் செலவழித்துவிடுவீர்கள். பிள்ளைப்பேறெல்லாம் முடிந்து 35-ஐ ஒட்டித் தொடங்கினால், ஆபத்து ஏறுகிற நாற்பதுகளுக்கு அது துணை நிற்கும். லண்டனில் கொடுப்பது உண்மை. அங்கே ஒருவருக்கு அதை எழுதிக்கொடுக்கும் மருத்துவர் அவருடைய வயது, குழந்தைகள், ரத்தக்கட்டு வரலாறு எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்.

பக்கவிளைவுகளில் உடம்பு திடீரென்று சூடேறி வியர்ப்பது, வெள்ளைப்படுதல், மாதவிலக்கு முன்பின் ஆவது, மனம் சோர்வது ஆகியவை அடிக்கடி பார்ப்பவை. காலில் ரத்தம் உறைவது அரிது, வந்தால் ஆபத்து. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி வந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் என்று இணையத்தில் படித்துப் பயந்திருக்கிறீர்கள். அது கூடியது முக்கியமாக 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம். சில மனச்சோர்வு மாத்திரைகள் இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு உண்மையான கவலை வேறு. கர்ப்பமாக இருக்கும்போது இந்த மாத்திரை உடம்பில் இருக்கவே கூடாது, கருவின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். நிறுத்திய பிறகும் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி வேண்டும். அதைவிட நீண்ட இடைவெளி கேட்கும் மருத்துவர்களும் உண்டு. "மாத்திரை சாப்பிடும்போது மாதவிலக்கே ஒழுங்காக வராது, பிள்ளை எங்கே தங்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தப்பு. 1960-களில் இந்த மருந்தைக் கருத்தடை மாத்திரையாக ஆக்கலாம் என்றுதான் முயன்றார்கள். பார்த்தால் பெண்களிடம் அது கருமுட்டை வெளியாவதைத் தூண்டிவிட்டது! இதை எடுக்கும்போது ஆணுறையோ காப்பர்-டியோ கட்டாயம் வேண்டும், ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது.

என்னிடம் வந்த ஒரு பெண் உறவினர் பேச்சைக் கேட்டுத் தானே வாங்கிச் சாப்பிட்டவர். மாதவிலக்கு தள்ளிப்போனதை மாத்திரையின் வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் திரையில் நாலு மாதக் குழந்தை கையை அசைத்தது. அவர் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் பிறக்கிற வரைக்கும் அந்தப் பெண் ஒரு ராத்திரிகூட நிம்மதியாகத் தூங்கவில்லை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ராலாக்சிஃபென், எக்ஸெமெஸ்டேன், அனாஸ்ட்ரோசோல் என்று வேறு மாத்திரைகள் உண்டு. உங்கள் வயதில் அவற்றுக்கு வேலையில்லை. 5 மில்லிகிராம் என்ற குறைந்த அளவு டமோக்சிஃபெனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இத்தாலியில் 500 பெண்களிடம் மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன், 2019-ல் வெளியானது. ஆனால் அவர்கள் மார்பகத்தில் ஏற்கெனவே ஆரம்பநிலை மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். உங்கள் நிலை அது இல்லை.

இப்போது செய்ய வேண்டியது

வருஷத்துக்கு ஒரு முறை மார்பக எம்.ஆர்.ஐ. உங்கள் வயதுக்கு முதல் காவல் இதுதான். 30 வயதானதும் இதோடு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேரும். அதற்கு முன் மேமோகிராம் வேண்டாம். இளவயது மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் அதில் சரியாகத் தெரியாது, தேவையில்லாத கதிர்வீச்சு வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பதும் வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்கு மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7-ஆம் நாளுக்கும் 15-ஆம் நாளுக்கும் இடையில் தேதி வாங்குங்கள். மற்ற நாட்களில் எடுத்தால் ஒன்றுமில்லாத இடமெல்லாம் சந்தேகமாகத் தெரிந்து வீணாகப் பயமுறுத்தும். குப்புறப் படுக்க வைப்பார்கள், கையில் ஊசி வழியாக மருந்து செலுத்துவார்கள், அரைமணி நேரம் போல ஆகும். கருவி சத்தம் போடும், வலி இருக்காது. எல்லா ஸ்கேன் மையத்திலும் மார்பகத்துக்கென்ற தனி அமைப்பு இருக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சென்னையில் இருப்பதால் அங்கேயே செய்வது சுலபம். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் 1954-ல் தொடங்கிய அடையாறு மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே ஆலோசனை கிடைக்கும்.

மார்பகத்தை முன்கூட்டியே எடுத்துவிடும் அறுவை சிகிச்சை ஆபத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். எந்த மாத்திரையும் அதற்கு ஈடாகாது. ஆனால் எடுத்தது எடுத்ததுதான், பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாது. அது உங்கள் உரிமை. வேண்டும் என்று யாரும் நெருக்கக்கூடாது, வேண்டாம் என்றும் தடுக்கக்கூடாது. 26-ல் முடிவெடுக்க வேண்டிய அவசரமில்லை. சினைப்பையை மறந்துவிடாதீர்கள். 80 வயதுக்குள் 100-க்கு 17 என்று அங்கேயும் ஆபத்து இருக்கிறது, நம்பகமான முன்பரிசோதனை கிடையாது. பிள்ளைப்பேறு முடிந்து 40-க்கும் 45-க்கும் இடையில் சினைப்பைகளை எடுத்துவிடச் சொல்வோம்.

அயித்தை மகன்

உங்கள் ஆத்தா பாசத்தால் சொல்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த மாப்பிள்ளையோடு மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டுமோ அவரையே காட்டியிருக்கிறார்.

கல்யாணமானதும் அயித்தை வேறு கோயிலுக்குப் போய்விட்டார், சரி. அவர் உடம்பில் இருக்கும் மரபணு மாறவில்லை. அவர் மகனுக்கு அந்த மாற்றம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவருக்கும் இருந்து நீங்கள் இருவரும் சேர்ந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு பழுதான பிரதிகளும் போய்ச்சேரும். அப்போது வருவது ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய். எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். பி.ஆர்.சி.ஏ.2 வழியில் வரும் வகையில் இரண்டு, மூன்று வயதிலேயே ரத்தப் புற்றுநோயோ மூளைக்கட்டியோ வரக்கூடும். நம் பக்கம் கோயில் பார்ப்பார்கள், பிரிவு பார்ப்பார்கள், முறை பார்ப்பார்கள். இதை அந்தக் கணக்கு எதுவும் பிடிக்காது.

அவரைக் கட்டிக்கொள்ளவே கூடாது என்று சொல்லவில்லை. உங்களுக்கு அவரைப் பிடிக்கிறதா என்பதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவே இல்லை. பிடித்திருந்தால், பேச்சு தொடங்கும் முன் அவர் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அவரிடம் மாற்றம் இல்லையென்றால் இந்தப் பயம் போய்விடும். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது அவருக்கே தேவைப்படும் பரிசோதனை. உங்கள் தம்பிக்கும்தான்.

யாரிடம் சொல்வது

உங்கள் அறிக்கை உங்கள் சொத்து. மருத்துவமனையோ மருத்துவரோ உங்கள் அனுமதியில்லாமல் யாருக்கும் சொல்லக்கூடாது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். தரகர் மூலமாகவோ பெரியவர்கள் வழியாகவோ போனால் "பொண்ணுக்குக் கேன்சராம்" என்று திரிந்துதான் போய்ச்சேரும். "எனக்கு நோய் இல்லை, வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், வருஷா வருஷம் பரிசோதனை செய்துகொள்வேன், சந்தேகம் இருந்தால் என் டாக்டரையே கேளுங்கள்" என்று சொன்னால் போதும். முக்கியமான விஷயத்தை மறைத்துச் செய்த கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக இந்துத் திருமணச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் நிலைமை அதில் வருமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தை விடுங்கள், 35 வயதில் தினம் ஒரு மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருக்கும் வாழ்க்கை உங்களுக்கு வேண்டாம். காப்பீட்டுப் படிவத்தில் கேட்டிருந்தால் அங்கேயும் உண்மையையே எழுதுங்கள்.

வீட்டுக்குள் மறைப்பதில்தான் எனக்கு உடன்பாடே இல்லை. உங்கள் வீட்டில் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடும்போது மறைந்த முன்னோர் பேரையெல்லாம் சொல்லித்தானே கும்பிடுவீர்கள்? அந்த ஆச்சிகளில் யார் எந்த வயதில், எதனால் போனார்கள் என்று அங்கே இருக்கும் மூத்தவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். "வயித்துல கட்டி", "நெஞ்சுல புண்ணு" என்று அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்த நோட்டு மிகவும் உதவும். லண்டன் அக்காவும் இதே அப்பத்தாவின் பேத்திதான். அவருடைய அப்பா உங்கள் அப்பச்சிக்கு அண்ணன். மாத்திரை பற்றி உங்களுக்குச் சொன்னவர், தான் பரிசோதனை செய்துகொண்டாரா?

மாத்திரை அட்டைகளை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எடுக்க மாட்டார்கள் என்றால் எனக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த மாதவிலக்கின் முதல் நாளில் எம்.ஆர்.ஐ.க்குத் தேதி கேட்டுப் போன் செய்யுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அயித்தையின் முழு அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் போதாது. கூடவே அப்பச்சியையும் அழைத்துப் போங்கள்.